கட்டையும் எலுமிச்சம்பழமும்

விழுப்புரத்தில் அந்தப் பழைய லோடு வண்டியை வாங்கியபோது, விற்றவர் சாவியோடு ஒரு வேலமரக் கட்டையையும் கொடுத்தார். ஹேண்ட்பிரேக் கொஞ்சம் லூஸ், எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு இதை முட்டுக்கொடுத்துவிடுங்கள் என்றார். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகள் கல்லை நம்பித்தான் நிற்கின்றன. கட்டையைக்கூட எடுத்து வைத்துக் கொடுக்கிறாரே, நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

நானும் என் மனைவியும் ஊர் ஊராகப் போய் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றித் திண்டிவனத்தில் இறக்குகிறவர்கள். வண்டி நின்றதும் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் குதித்து இறங்கிக் கட்டையை வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவாள். அதன்பிறகே காலை எடுப்பேன். மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று பிரம்மதேசம் ரோட்டிலேயே பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்பேன். உன்னைப்போல ஒரு ஹேண்ட்பிரேக் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கிண்டல் வேறு. ஆயுத பூஜையன்று அந்தக் கட்டைக்கும் மறக்காமல் குங்குமம் வைத்தேன். லீவரைச் சரிசெய்ய வேண்டும் என்ற புத்தி மட்டும் வரவில்லை.

மேல்மலையனூரில் வண்டிக்குப் பூஜை போடுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அமாவாசைக் கூட்டத்தில் வண்டி நுழையாது என்று ஒரு சாதாரண நாளாகப் பார்த்துப் போனோம். கோயிலுக்குச் சற்று முன்னால், லேசான சரிவில் நிறுத்தினேன். பேட்டரி அன்று மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அணைத்தால் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டுமே என்று இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் போட்டு இறங்கினேன். முன்சக்கரத்தடியில் கட்டை இருந்தது.

மாலை போட்டோம். கற்பூரம் ஏற்றினேன். மூன்று சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, நான்காவதற்கு அவள் குனிந்தாள். பழம் வைக்க வேண்டிய இடத்தில் கட்டை கிடந்தது. சாமி காரியத்துக்கு இது இடைஞ்சலாக இருக்கிறதே என்று நான்தான் அதை உருவினேன். இந்தக் கைதான்.

வண்டி நகர்ந்தது. அவள் விரல்கள் இன்னும் பழத்தின் மேல் இருந்தன. நான் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் கட்டையுமாக மரம்போல நின்றேன். பக்கத்தில் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் பாய்ந்து வந்து, என் மனைவியின் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். தாம் உட்கார்ந்திருந்த பலகையைச் சக்கரத்தடியில் செருகினார். பலகை பிளந்தது, ஆனால் வண்டி நின்றுவிட்டது. பழம் நசுங்கிக் கிடந்தது. அவள் கையில் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து லேசாக ரத்தம். ஐந்து விரலும் இருக்கின்றனவா என்று நான் எண்ணிப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இரண்டு தடவை எண்ணினேன்.

அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அங்காளம்மா காப்பாத்துவாதான். அதுக்குன்னு கட்டைய எடுத்துட்டு பழத்த வெச்சிக்கினு நிப்பியா?"

என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புடவைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு, "நீங்க வண்டிய எடுத்துக்கினு போங்க. நான் பஸ்ல வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே திண்டிவனத்து மெக்கானிக் ஷெட்டில் நின்றேன். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து, பின்சக்கரத்துக்குப் போகும் கேபிளையே கழற்றிக் கம்பியால் ஓரமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்றார். துருப்பிடித்து இறுகிக்கொள்ளும் கேபிளை மாற்றச் சோம்பல்பட்டு யாரோ செய்த வேலை.

"இத்தினி நாளா நீங்க இழுத்தது வெறும் லீவர்தான்ணே. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் இத்தனை மாதமும் அவள் கையை வைத்திருந்தேன்.

அவர் புதுக் கேபிள் போட்டார். பின்சக்கரங்களைக் கழற்றித் தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றினார். அவசரமே படாமல் இழுத்துப் பார்ப்பதும், இறங்கித் திருகுவதும், மறுபடி இழுப்பதுமாக மதியம் ஆகிவிட்டது. கடைசியில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டார். வண்டி ஒரு உறுமு உறுமிவிட்டு, நகர முடியாமல் நின்ற இடத்திலேயே அணைந்தது. அணைந்த வண்டியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கிரீஸ் கை, விடுங்கள் என்றார். விடவில்லை.

சரியாகிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் வண்டியில் ஏறவில்லை. அரைகுறையாக விட்ட பூஜையை முடிக்க அடுத்த வாரம் மேல்மலையனூருக்கு அவள் பஸ்ஸிலும் நான் வண்டியிலுமாகப் போய்ச் சேர்ந்தோம். திண்டிவனத்தில் ஆசாரியிடம் சொல்லிச் செய்த புதுப் பலகையை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, நல்லா கனமாத்தான் இருக்கு என்றார்.

அதே சரிவில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கதவைத் திறந்து இரண்டு காலையும் வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். அவள் பழத்தோடு வந்து முதலில் என் கால்களைப் பார்த்தாள். பிரேக்கை நான் மிதிக்கவில்லை என்று தெரிந்துகொண்டு, சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்தாள். மல்லாட்டைக்கார அம்மா எழுந்து, புதுப் பலகையைக் கையில் பிடித்தபடி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

வண்டி அசையவில்லை. அவள் பழத்தை நேராக வைத்து, உருளாமல் ஒரு முறை அழுத்திவிட்டு, நிதானமாகக் கையை எடுத்தாள். அந்த அம்மா திரும்பிப்போய்ப் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். என் மனைவி சுற்றி வந்து இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி, "போலாம்ங்க" என்றாள்.