பொன்முடிக்கு ஞாயிறு வேன்

சுற்றுலா வேனுக்கு சீட்டு போடற வேலையில பாதி நாள் மழையைப் பத்திப் பதில் சொல்றதுலயே போயிடும். கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்து பொழப்பு நடத்தற எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். ஆள் வராத நேரமாப் பாத்து உங்களுக்காகத்தான் இதை டைப் அடிக்கறேன்.

சாலை பஜார்ல அரிசி மொத்தக் கடை வச்சிருக்கற எங்க அண்ணாச்சி ஒரு வேன் வாங்கினார். கல்யாண ஓட்டம் இல்லாத ஞாயித்துக்கிழமை அது சும்மா நின்னுது. பொன்முடிக்கு விடலாம்னு யோசனை சொன்னது நான்! காலையில ஏறணும், சாயங்காலம் எறங்கணும். மலை! தேயிலை! மஞ்சு மூட்டம்! நான் கத்தி முடிக்கற வரைக்கும் அண்ணாச்சி பொறுமையா இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஓணம் கழிஞ்சு ஐப்பசி மழை வரது வரைக்கும் பாப்பேன்லே. வேன் நெறயலன்னா நீ அரிசிக் கடைக்கு வந்துரு. மூட்டை தூக்க ஆள் பத்தல."

ரெண்டும் இல்லாத மாசம்

மூட்டை ஞாபகம் வந்தா எனக்குப் பேச்சு தானா வரும். மொத ஆளா வந்தவர் எதிர் ஜவுளிக் கடைக்காரர். "இந்த மாசம் மாதிரி வருமா சார்! பெருமழை போயாச்சு, வெயில் இன்னும் வரல. பொன்முடியில இப்ப மழையும் கெடையாது, வெயிலும் கெடையாது!"ன்னு மூச்சு விடாம சொன்னேன்.

அவர் வெத்தலையை மென்னு முடிச்சார். "ரெண்டும் இல்லாத எடத்துக்கு வந்து நான் என்னத்தடே பாக்கணும்?"

தினசரி விசாரணை

அடுத்தது ஒரு குமாஸ்தா. ஆபீஸ் விட்டுப் போற வழியில தினமும் கவுண்டர்ல நிப்பார். "ஞாயிறாழ்ச்ச மழை உண்டாவுமோ தம்பி?" நான் ரேடியோ சொன்னது, காத்து அடிக்கற பக்கம், பொன்முடி பஸ் கண்டக்டர் சொன்னது எல்லாத்தையும் சேத்து ஒப்பிப்பேன். தலையாட்டிட்டுப் போவார். ஜன்னலோர சீட்டை நான் யாருக்கும் கொடுக்காம அவருக்காகவே வச்சிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை நிச்சயமா இல்லைன்னு சொல்லி, சீட்டுல பேர் எழுதப் பேனாவைத் திறந்தேன். அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "எனக்கு எதுக்கு தம்பி பொன்முடி? மொட்டை மாடியில தேங்கா காயப் போடணும், அதான் கேட்டேன்."

நல்ல நாள்

அதுக்கடுத்த வாரம் கோவளத்துலேருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தாங்க. வேன்ல பாதி சீட்டு காலி. மேல போனா மஞ்சு, பக்கத்துல நிக்கற ஆள் தெரியல. நம்ம ஆளுங்க வேனை விட்டு எறங்கவே இல்ல. கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சு, "பொன்முடி எங்கடே?"ன்னு என்னைத்தான் கேட்டாங்க. அந்த ரெண்டு பேர் மட்டும் ஈரப் பாறையில உக்காந்து பிளாஸ்க்லேருந்து டீ குடிச்சுக்கிட்டு, குளிர் எப்படி, தூறல் எப்படின்னு சந்தோஷமாப் பேசிக்கிட்டிருந்தாங்க.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பு எதுக்கு, செப்டம்பர்ல எங்க ஊர்லயும் இப்படித்தான், இதுக்கு நாங்க நல்ல நாள்னு சொல்லுவோம்னார் அந்த வெள்ளைக்காரர். டிரைவர் சுகுமாரன் சேட்டனுக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் கேட்டார்: "பின்னே எதுக்கு சாரே இவங்க இத்தற தூரம் வந்தது?"

சாமான் முன்னாடி

ஐப்பசி மழைக்கு இடி இடிக்க ஆரம்பிச்சுது. அண்ணாச்சி கவுண்டருக்கே வந்துட்டார். "ஒருக்கா வந்தவன் ரெண்டாவது தடவை வரமாட்டங்கான். இந்த ஞாயிறுதான் கடைசி. இதுல போறவங்க திரும்ப வந்தா ஓட்டு, இல்லன்னா மூட்டை." அந்த ஞாயிறு வேன் நெறஞ்சுது! கரமனை அக்கிரகாரத்துலேருந்து ஒரு தெருவே வந்துது. தலைவர் கணபதி மாமா, ரிட்டயர்டு ஆடிட்டர்.

மத்தியானம் முழுக்க மஞ்சு. சரியா நாலு மணிக்கு அது விலகி, மலை மொத்தமும் தெரிஞ்சுது! யாருக்கும் கிளம்ப மனசில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை நாலரையிலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். "ராகு காலத்துல மலை எறங்கறதாவது!"ன்னார் மாமா. வழியும் அவரே சொன்னார். நாலரைக்குள்ள சாமானை வண்டியில வச்சுட்டா கிளம்பினதா அர்த்தம், அதுக்குப் பேர் பரஸ்தானம், அப்புறம் எப்ப வேணா எறங்கலாம். எல்லாரும் அவங்கவங்க சீட்டுல பை, சால்வை, புளியோதரைத் தூக்கு எல்லாத்தையும் வச்சுட்டு மேட்டுக்கு ஏறினாங்க. நானும்தான்!

தூங்கி எழுந்த சுகுமாரன் சேட்டன், மஞ்சு திரும்ப வரதைப் பாத்தார். கண்ணாடியில பாத்தா எல்லா சீட்லயும் சால்வை. எல்லாரும் போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு நெனச்சு வண்டியை எடுத்துட்டார். ரெண்டு கொண்டை ஊசி வளைவு எறங்கியும் யாரும் "மெதுவாப் போ"ன்னு திட்டல. அப்பதான் அவருக்கு சந்தேகம் வந்து திரும்பிப் பாத்தார். அந்த ரோட்ல நெனச்ச எடத்துல வண்டி திருப்ப முடியுமா? எஸ்டேட் லைன் வீடுங்க வரைக்கும் எறங்கிப் போய்த்தான் திருப்பினார்.

மேல குளிர்ல சால்வை இல்லாம ஒரு தெருவே என்னைப் பாத்துக்கிட்டு நின்னுது. எனக்கு அரிசி மூட்டை வாசனையே வந்துடுச்சு. இருட்டினப்புறம் ஹெட்லைட் தெரிஞ்சுது. சுகுமாரன் சேட்டன் எறங்கி, என் பின்னாடி வந்து நின்னுக்கிட்டார். மாமா வாட்சைப் பாத்தார். ஆறு தாண்டியிருந்தது. வண்டிக்குள்ள எட்டிப் பாத்து, தூக்கைத் தொட்டுப் பாத்தார்.

"பேஷ்! சாமான் நெஜமாவே முன்னாடி போயிட்டு வந்துருக்கு. நாம ராகு காலம் கழிஞ்சு எறங்கறோம். இந்த மாதிரி முறையா யார்டா பண்றா இந்தக் காலத்துல? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குப் பக்கத்துத் தெருவையும் எழுதிக்கோ. டிரைவர் இவரே வரணும், கேட்டியோ!"

ஆளுங்களை ஒழுங்காக் கூட்டிட்டு வந்த வரைக்கும் நெறயாத வேன், அவங்களை மலையில மறந்துட்டு வந்ததுலேருந்து எல்லா ஞாயிறும் நெறஞ்சுதான் போகுது.