முந்திப் போகும் இடது கை

அந்த ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் அவளை எல்லோரும் பொத்தானக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிமாறுகிறவர்களில் ஒருவன் வைத்த பெயர். "ஒரு பொத்தான அமுக்குனா டிரம்ஸ் வருது, இன்னொன்ன அமுக்குனா வயலின் வருது. தட்டு கழுவுற பொத்தான் எங்கக்கா இருக்கு? அதையும் ஒரு தடவ அமுக்கி விடுங்க" என்று அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டான். அவளும் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

சமையலறைக் கதவுக்கும் மீன் தொட்டிக்கும் நடுவே ஒரு தூண் உண்டு. அதன் ஓரத்தில் அவளுடைய கீபோர்டு. மாலை நேரத்தில் சாப்பிட வருகிறவர்களுக்காக அவள் வாசிக்க வேண்டும். மேனேஜர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: "பாட்டு இருக்கணும்மா, ஆனா இருக்கிறது தெரியக் கூடாது." ஆரம்பத்தில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் யாராவது கை தட்டுவார்களோ என்று கொஞ்சம் இடைவெளி விட்டாள். அந்த இடைவெளியில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு முடிச்சுப் போடப் பழகிக்கொண்டாள்.

ஒரு காலத்தில் அவர்கள் நாலு பேர். அவளுடைய அண்ணன் டிரம்ஸ், சித்தி மகன் பேஸ் கிட்டார், அண்ணனின் கூட்டாளி ஒருவன் கிட்டார், அவள் கீபோர்டு. கல்யாணங்கள், கம்பெனி விழாக்கள், பள்ளி ஆண்டு விழாக்கள் என்று ஒரு பழைய வேனில் அலைந்தார்கள். அவளுக்குக் கல்யாணப் பேச்சு எடுத்த வருஷங்களில்தான் மற்றவர் கல்யாணங்களுக்கெல்லாம் அதிகமாக வாசித்தாள். எடுத்த பேச்சு அப்படியே எங்கோ விட்டுப்போனது.

தானாகத் தாளம் போடும் முதல் கீபோர்டு அப்போதுதான் வந்தது. இடது கையில் ஒரு விரலை வைத்தால் போதும். பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு டிக் டிக்கென்று தாளம் போடும், கூடவே ஒரு தடித்த சத்தம் தொம் தொம்மென்று வரும். அதை வீட்டுக்குத் தூக்கி வந்ததே அண்ணன்தான். போட்டுப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன பாப்பா இது? தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு. இதுக்கு நான் பயப்படணுமா?"

யாரும் பயப்படவில்லை. ஆனால் ஒரு வரவேற்பு அன்று அண்ணனுக்குக் கடும் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அவள் அந்தத் தகர டப்பாவைக் குலுக்கியே நிகழ்ச்சியை ஒப்பேற்றினாள். முடிந்ததும் மண்டபத்துக்காரர் வந்தார். "டிரம்ஸ்னா பாதி மேடைய அடைச்சுக்குது. இது அடக்கமா இருக்கே. அடுத்த தடவையும் இப்படியே வந்துடுங்கம்மா" என்றார். அவள் வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். அண்ணனும் சிரித்தார். அந்த வருஷம் முடிவதற்குள் அவர் கார் பேட்டரிக் கடை வைத்துவிட்டார். டிரம்ஸ் பரணுக்குப் போனது. சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

அடுத்து வந்த கீபோர்டில் பிளாப்பி போட இடம் இருந்தது. பாட்டுக்கு முன்னால் ஒரு முன்னுரை, நடுவில் ஒரு டிரம்ஸ் உருட்டல், கடைசியில் முறையான முடிவு எல்லாம் அதற்குத் தெரியும். அதன் பேஸ் ஒரே இடத்தில் தொம்மென்று நிற்காமல் சுரம் சுரமாக நடந்து போனது. சித்தி மகன் லாரி ஓட்டப் போனான். அதற்கடுத்ததில் பெரிய திரை வந்தது. அதிலிருந்த கிட்டாரில் கம்பியில் விரல் வழுக்கும் கீச்சுகூடக் கேட்டது. கிட்டார் வாசித்த கூட்டாளி தானே ஒருநாள் வந்து அதை அழுத்திப் பார்த்தான். "என்ன விட சுத்தமா வாசிக்குது. எனக்கு நடுவுல பசிக்கும், டீ வேணும். இதுக்கு ஒரு பிளக் போதும்" என்று சொல்லிவிட்டு, அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை.

இப்போது ஹோட்டலில் இருப்பது நாலாவது. அதிலுள்ள தாளம் நிஜமாகவே யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து அடித்துப் பதிவானது. புல்லாங்குழலில் வாசிப்பதற்கு முன் இழுக்கும் மூச்சுகூடக் கேட்கும். ராத்திரி அதைத் தூக்கி வந்து, தன் ஒற்றை அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த மூச்சை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பது அவளுக்கு ஒரு பழக்கம். யாருடைய மூச்சோ அது. அந்த அறையில் வேறு மூச்சு கிடையாது. பழைய கீபோர்டுகளில் ஒன்று கட்டிலுக்குக் கீழே, ஒன்று அலமாரிக்கு மேலே. மூன்றாவதின்மேல் போர்வை விரித்துத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அண்ணன் மகள் அந்த அறைக்கு வந்தாள். கல்யாணம் நிச்சயமானவள்.

"அத்த, அப்பா டிரம்ஸப் பரண்லருந்து இறக்கியாச்சு. என் ரிசப்ஷன்ல நீங்களும் அப்பாவும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசிக்கணும்."

"உங்கப்பா சரின்னாரா?"

"ஒரு கண்டிஷன். பெட்டியில வர்ற தாளம் கூடாதாம். 'நான் அடிக்கிறேன், அவ வாசிக்கட்டும், அவ்வளவுதான்'னாரு. அத்த, ஏன் அழுறீங்க?"

"யாரு அழுறா? வெங்காயம் நறுக்கினேன்."

"எங்க வெங்காயம்?"

"நறுக்கி முடிச்சாச்சு, போடி."

அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கு அவள் போவாள், வருவாள். "சாப்பிட்டியா" என்று அவர் கேட்பார், "ஆச்சுண்ணா" என்பாள். இத்தனை வருஷத்தில் அதற்கு மேல் பேச ஒன்றும் இருந்ததில்லை. அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் முன்பு வாசிப்பில்தான். அது திரும்பி வருமா என்பதுதான் அவளுக்கு இப்போது ஒரே கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை பேட்டரிக் கடையின் பின்கட்டில் ஒத்திகை. ஆசிட் வாடை. அடுக்கி வைத்த பேட்டரிகளுக்கு நடுவே அண்ணன் டிரம்ஸைத் துடைத்து நிறுத்தியிருந்தார். வயிறு முன்னால் வந்திருந்ததால் ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போட வேண்டியிருந்தது. அவள் தாளப் பொத்தானை அணைத்தாள். வாசித்தார்கள். நாலு வரி போவதற்குள் அவர் குச்சியைத் தூக்கிவிட்டார்.

"எங்க பாப்பா ஓடுற? பஸ்ஸப் பிடிக்கணுமா?"

"நான் எங்க ஓடினேன்? நீதான் பின்னாடி நிக்குற."

"நானா? குச்சியப் பிடிச்சு எவ்வளவோ நாளாச்சுதான். அதுக்காக ஒண்ணு ரெண்டு மறந்துடுமா?"

மறுபடி வாசித்தார்கள். மறுபடி அதே கதை. மூன்றாவது முறை அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். அப்போதுதான் புரிந்தது. இடது கைதான் ஓடியது. பெட்டிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடுத்த கார்டுக்கு, சேர்ந்து ஒலிக்கும் அந்தச் சுரங்களுக்கு, விரல்களை அடி விழுவதற்கு மயிரிழை முன்னாலேயே வைத்துவிட வேண்டும். தாமதித்தால் பெட்டியின் பேஸ் பழைய சுரத்திலேயே விழுந்து அசிங்கமாகிவிடும். அதனால் அந்த வாசிப்பைப் பழகிய கை எப்போதும் அந்த மயிரிழை முன்னாலேயே நிற்கும். பெட்டி அதைக் காட்டிக் கொடுக்காது. அது எஜமானுக்கு முன்னால் ஓடிக் கதவைத் திறக்கிற வேலைக்காரன் மாதிரி எல்லாவற்றையும் சரிக்கட்டிக்கொள்ளும். மனிதரோடு வாசித்தால்தான் குட்டு உடைகிறது.

அவள் இதைச் சொன்னதும் அண்ணன் எட்டி அவளுடைய இடது கையைப் பார்த்தார்.

"சரி, கையைக் கொஞ்சம் பிடிச்சு வை" என்றார்.

பிடித்து வைத்தாள். இப்போது கை பின்தங்கியது. முந்துவதும் பிந்துவதுமாக அந்தக் காலை முடிந்தது. அண்ணி கொண்டுவந்த காபி ஆறிப்போனது. "அன்னைக்கு சரியா வந்துடும்" என்று அண்ணன் சொன்னார். பேட்டரி வாங்க வருகிறவர்களிடம் "தாங்கும் சார்" என்று சொல்வாரே, அதே குரல்.

வரவேற்பு நாள் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. அண்ணன் புதுக் கோட்டில் வியர்த்துக்கொண்டு மேடையேறினார். அவள் விரல் தாளப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பியது. ஆரம்பித்தார்கள்.

முதல் வரியிலேயே இடது கை முந்தியது. அண்ணன் இந்த முறை குச்சியைத் தூக்கவில்லை. அவளோடு சேர்ந்து வந்தார். அவர் வந்ததும் கை அதற்கும் முன்னால் போய் நின்றது. அவர் அங்கேயும் வந்தார். பாட்டு நடந்து, ஓடி, கடைசியில் தலைதெறிக்கப் பறந்தது. கூட்டத்துக்குக் கொண்டாட்டம். மாப்பிள்ளையின் நண்பர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். அண்ணன் மகள் பொன்னிறப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பாதி நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது. கைதட்டல் நிற்கவே இல்லை.

அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதுதான். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவளும் சிரித்தாள். ஆனால் கீபோர்டை உறைக்குள் போடும்போது அந்தச் சிரிப்பு தங்கவில்லை. அவள் எங்கே போனாலும் அங்கே வந்து நின்று சரிக்கட்டுவதற்கு அவளிடம் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது. ஹோட்டலில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில். அண்ணனும் அதைத்தான் செய்தார். அத்தனை பேர் நடுவே, அண்ணனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, அவள் தனியாகத்தான் வாசித்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே, கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போனாள். அண்ணன் கதவை அப்போதுதான் மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, ஏதாவது விசேஷமா? ஆர்டர் வந்திருக்கா?"

"இல்ல. அன்னைக்கு நீ ஏன் என் பின்னாடியே ஓடி வந்த?"

"நல்லா இருக்கே கேள்வி. அத்தன பேரு முன்னாடி உன்னத் தனியா விடச் சொல்றியா?"

"ஆமா. விடணும்."

"விட்டா பாட்டு உடஞ்சு போயிருக்கும்டீ."

"உடையட்டும்ணா. நீ உன் இடத்துலயே நில்லு. நான் எங்க போனாலும் வராத."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கைலி நுனியால் கையைத் துடைத்தார். "மொத வியாபாரம் கூட ஆகல, அதுக்குள்ள வம்பு" என்று முணுமுணுத்தபடி பின்கட்டுக்கு நடந்தார். டிரம்ஸ் இன்னும் பரணுக்குப் போயிருக்கவில்லை. ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, குச்சியால் நாலு தட்டுத் தட்டினார்.

இரண்டாவது வரியில் கை முந்தியது. அவர் வரவில்லை. அவள் அடித்த கார்டு அந்தரத்தில் தனியாக நின்று, கேட்கவே கூசும்படி ஒலித்தது. அண்ணனின் தாளம் எங்கோ பின்னால், அவசரமே இல்லாமல், தன் நடையில் வந்துகொண்டிருந்தது. பெட்டியாக இருந்தால் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

அவள் விரல்களை எடுத்துவிட்டாள். வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளத்தைக் கேட்டாள். அதில் எங்கே நுழைவது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. வாசலில் யாரோ ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "பேட்டரி இருக்குங்களா?" என்று கூப்பிட்டார். அண்ணன் தலையைத் திருப்பவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார்.