வீட்டுக்குள்ளே ஒரு மாடிப்படி

எங்களுக்குக் கிடைத்த ஹார்பர் குவார்ட்டர்ஸில் வீட்டுக்குள்ளேயே மாடிப்படி இருந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த சமயம். அப்பா வள்ளத்தை விட்டுவிட்டு அங்கே கலாசி வேலைக்குச் சேர்ந்திருந்தார். வரிசை வரிசையாக ஒரே மாதிரி பிளாக்குகள். ஒவ்வொன்றும் நாலு அடுக்கு. கீழ் இரண்டு அடுக்கும் சேர்ந்து ஒரு வீடு, மேல் இரண்டும் சேர்ந்து இன்னொரு வீடு. எங்களுக்குக் கீழ்வீடு. நுழைந்தால் ஹால், அதை ஒட்டி அடுக்களை. அம்மா அதைக் குசினி என்பாள். ஹால் மூலையிலிருந்து சிமெண்டுப் படி ஏறி, நடுவில் ஒரு திருப்பம் திரும்பி மேலே போகும். மேலே இரண்டு அறைகள், கடல் பக்கம் ஒரு பால்கனி. அப்பா மேல்தட்டு, கீழ்த்தட்டு என்றுதான் சொல்வார்.

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் தங்கை. பிறவியிலேயே இடது கால் கொஞ்சம் குட்டை. கடற்கரைக் குடிசையில் இருந்தவரை அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. மணலில் எல்லாருமே சாய்ந்து சாய்ந்துதான் நடப்போம். சிமெண்டுத் தரைக்கு வந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. சமதரையில் மெதுவாக நடந்தால் மறைத்துவிடலாம். படியில் முடியாது. இறங்கும்போது இடது காலைக் கீழே வைப்பாள். வலது காலையும் அதே படிக்குக் கொண்டுவருவாள். பிறகுதான் அடுத்த படி.

அத்தை கால் மெஷினில் தைப்பாள். குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ஜாக்கெட் அவள்தான். மெஷின் மேலே பால்கனிக் கதவை ஒட்டி இருந்தது. வெளிச்சம் அங்கேதான்.

அவளுக்கு வந்த சம்பந்தங்கள் காலைக் கேள்விப்பட்டே நின்றுபோயின. அப்போது மணப்பாட்டிலிருந்து ஒன்று வந்தது. மாப்பிள்ளை தோணியில் கொழும்புக்குப் போய் வருகிறவர். அவர்களுக்குக் கால் விஷயம் தெரியாது. அம்மா இந்த முறை விடுவதாக இல்லை.

"மெஷினக் கீழ கொண்டாங்க. அவிய வரும்போது அவ தச்சிக்கிட்டு இருக்கட்டும். எந்திரிச்சி காப்பியக் குடுத்துட்டு அப்படியே உக்காந்துக்கிடட்டும். குசினிக்கும் மெஷினுக்கும் ஒரு எட்டுதான."

"கல்யாணத்துக்குப் பெறவு அவ நடக்க வேண்டாமா?" என்றார் அப்பா.

"கோயில்ல ஓலை வாசிச்ச பெறவு எவன் வேண்டாங்கான்?"

ஓலை என்பது மாதா கோயில் பூசையில் பங்குச் சாமியார் கல்யாணத்தை ஊரறிய அறிவிப்பது. அதன் பிறகு பின்வாங்கினால் மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் கேவலம். அத்தையை யாரும் கேட்கவில்லை. அவள் பக்கத்தில்தான் கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மெஷினை இறக்குவது லேசாக இல்லை. அப்பாவும் மேல்வீட்டு மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். திருப்பத்தில் இரும்புக் கால் சுவரில் மாட்டிக்கொண்டது.

"ஏலே, படி கெட்டுன எஞ்சினியர் வீட்டுல மெஷினே கெடையாதோ?" என்றார் மாமா.

"வீடே இருந்திருக்காது. பிடி நீ," என்றார் அப்பா.

பலகையைக் கழற்றி, தனித்தனியாக இறக்கினார்கள். சுவரில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை அது இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வருவதாக ஏற்பாடு. அம்மா நாற்காலிகளைப் படிக்கு முதுகு காட்டிப் போட்டாள். அத்தை நீலச் சேலை கட்டி, பூ வைத்து மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தைக்கத் துணியும் போட்டுவைத்திருந்தது. நான் அவள் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் வகுப்பு படித்தேன் என்று நினைக்கிறேன்.

வெளியிலிருந்து மேல்வீட்டு மாமி குரல் கொடுத்தாள். "ஏளா, வந்துட்டாவ!"

அத்தை எழுந்தாள். "லேஞ்சிய மேல வச்சிட்டேன்."

"கைக்குட்டையா இப்ப முக்கியம்? உக்காருளா," என்று அம்மா குசினியிலிருந்து கத்தினாள்.

"நான் எடுத்தாரேன் அத்த," என்றேன்.

"ஒனக்கு எடம் தெரியாது," என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் நாலு பக்கமும் பார்த்தாள். கப்பல் மாதிரி இருக்கே என்றாள். அப்பா, தண்ணி மட்டும் கப்பல்ல மாதிரியே அளந்துதான் விடுதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது படியில் சத்தம் கேட்டது. ஒரு காலடி. பிறகு இன்னொன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஒன்று.

மாப்பிள்ளைதான் முதலில் திரும்பினார். பிறகு அவர் அம்மா. திருப்பத்துக்குப் பிறகு அத்தையின் உடம்பு முழுவதும் தெரிந்தது. அவள் அவசரப்படவில்லை. சுவரைப் பிடிக்கவுமில்லை. தினம் எப்படி இறங்குவாளோ அப்படி இறங்கினாள்.

அம்மா குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். "புதுப் படி பாருங்க. இன்னும் பழகல," என்றாள்.

"பழகிட்டு மைனி," என்றாள் அத்தை. பிறகு அந்த அம்மாளிடம், "எனக்கு எடது கால் குட்டை. பெறந்ததுலேருந்தே," என்றாள். அம்மா கையிலிருந்த தட்டை வாங்கி அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

அந்த அம்மாள் காப்பியைக் குடித்து முடித்தாள். "மொதல்லயே சொல்லிருக்கலாம் தம்பி," என்றாள்.

"சொல்லிருக்கணும்," என்றார் அப்பா.

சொல்லி விடுகிறோம் என்று போனார்கள். சொல்லி விடவில்லை.

அம்மா அன்று சாப்பிடவில்லை. "ஒரு லேஞ்சிக்காக! கெடச்ச வாழ்க்கைய ஒரு லேஞ்சிக்காகத் தொலைச்சிட்டு நிக்கா பாரு," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மறுநாள் காலையில் அத்தை அப்பாவிடம், "அண்ணே, மெஷின மேல ஏத்திருவமா? இங்கன வெளிச்சம் பத்தல," என்றாள். அப்பா மேல்வீட்டு மாமாவைக் கூப்பிடப் போனார்.

எனக்கு அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. மறதியால் இப்படி ஆகிவிட்டதே என்று. மாதா கோயில் திருவிழா வந்தபோது கடைத்தெருவில் அப்பாவிடம் அடம்பிடித்து இரண்டு லேஞ்சி வாங்கினேன். ஒன்றை மேலே வைத்துக்கொள், ஒன்றைக் கீழே வைத்துக்கொள், இனிமேல் ஏற வேண்டாம் என்று அத்தையிடம் கொடுத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் மெஷினில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பிறகு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. வேம்பார்க்காரர். அவர் பார்க்க வந்த அன்று மெஷின் மேலேதான் இருந்தது. யாரும் அதை இறக்கச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை படியேறும்போது நான் கீழே அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். அவள் இடுப்பில், சேலைச் செருகலில், வெள்ளையாக ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது. லேஞ்சி. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பாவம் அத்தை, இடுப்பில் இருப்பதுகூட மறந்துபோச்சே என்றுதான் நினைத்தேன்.