படிக்கட்டு கட்டிய பள்ளிக்கூடம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் படிக்கட்டு என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. அவளுக்கே அது பிடித்துப்போனதால் நிலைத்துவிட்டது.

நாங்கள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம், ஒரு வங்கியின் பின்பக்கப் படியை வரையச் சொல்லி முதலாளி கொடுத்தார். படி என்றால் எங்கள் தொழிலில் எல்லாரும் கொஞ்சம் நழுவத்தான் பார்ப்பார்கள். ஒரு படியின் உயரம் துளி மாறினாலும் கால் இடறும், திருப்பத்தில் தலை இடிக்கும், எல்லாம் சரியென்று நிமிரும்போது மேல்மாடிக்கு இன்னும் அரைப்படி பாக்கி நிற்கும். அவள் போட்ட படி முதல் தடவையிலேயே சொன்ன இடத்தில் போய்ச் சேர்ந்தது. போதாதா? அன்றிலிருந்து அலுவலகத்துக்கு வந்த படியெல்லாம் அவள் மேசைக்கே வந்தது. முகப்பு ஒருவருக்கு, கூரை ஒருவருக்கு, எனக்குச் சமையலறையும் குளியலறையும். அவளுக்குப் படி. இப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது.

அவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவு நாடா இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் மண்டபத்துக்குள் இருப்பார்கள், இவள் வாசற்படியில் குனிந்து அளந்துகொண்டிருப்பாள். சங்கடமெல்லாம் அவள் அம்மாவுக்குத்தான். மகள் கட்டடக் கலைஞர் என்று சொன்னதும், எந்தக் கட்டடம் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல், ஊரிலிருந்து வந்த நாத்தனாரை ஒரு பெரிய துணிக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். நான்கு மாடிக்கும் மகள் போட்ட படி. பெருமையாகக் கைகாட்டித் திரும்பிப் பார்த்தால் நாத்தனார் லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

அப்போதுதான் ஒரு வணிக வளாகம் கட்டி முடித்தோம். தெருவிலிருந்து வாசல் நல்ல உயரத்தில் இருந்ததால் முன்னால் அகலமான படிகள். அதைப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரரை அனுப்பினார் முதலாளி. கட்டடங்களை மட்டுமே எடுக்கிறவர். அவர் படங்களில் ஒரு காக்கை கூட இருக்காது, அவ்வளவு சுத்தம். மூன்று நாள் போய்வந்தவர் நான்காம் நாள் கேமரா முக்காலியைத் தோளில் போட்டபடி அலுவலகத்துக்குள் வந்து, என்னால் முடியாது என்று உட்கார்ந்துவிட்டார். காலையில் போனால் யாரோ படியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்கள், சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் வந்து இடம் பிடிக்கிறார்கள், எழுந்திருக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று கொட்டித் தீர்த்தார்.

படிக்கட்டு நாற்காலியோடு நகர்ந்து வந்தாள்.

"எந்தப் படியில உட்கார்ந்திருக்காங்க?"

"எந்தப் படியா இருந்தா என்னங்க, படம் கெட்டுப்போச்சு."

"இல்ல, சொல்லுங்க. மூணாவது படியா, ஆறாவதா?"

அவர் ஒரு நிமிடம் யோசித்து, கேமராவைத் திறந்து பார்த்தார். மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது. அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே. மூன்று படிக்கு ஒரு படியை வேண்டுமென்றே அகலமாக வைத்திருந்தாள். யாராவது உட்காரட்டும் என்றுதான். முதலாளிக்குக்கூட அதைச் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். ஆள் இல்லாமல் ஒரு படம், ஆட்களோடு ஒரு படம் என்று இரண்டு விதமாக எடுத்துக்கொண்டு வந்தார் புகைப்படக்காரர். இரண்டாவதில் முகப்பு பாதிதான் தெரிந்தது. படி முழுக்க மனிதர்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒரு கிழவர் வாயைத் திறந்தபடி தூங்கினார்.

எங்கள் நிறுவனத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட வேண்டியிருந்தது. அதை வடிவமைத்தது படிக்கட்டின் தங்கை. அவள் கிராஃபிக் டிசைனர், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அட்டைக்கு ஆளில்லாத படத்தைத்தான் முதலாளி தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தால் அட்டையில் தூங்கும் கிழவர். முதலாளி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டடம் எங்கே என்று மட்டும் கேட்டார். இரண்டு படத்துக்கும் ஒரே மாதிரி பெயர் இருந்ததால் மாறிப்போய்விட்டது என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள். நாங்கள் யாரும் நம்பவில்லை.

திரும்ப அச்சடிக்க நேரமில்லை. அப்படியே எல்லாருக்கும் அனுப்பினோம். அடுத்த மாதம் ஒரு தலைமை ஆசிரியையிடமிருந்து ஃபோன். அவருடைய பள்ளிக்குப் புதிதாகக் கிடைத்த இடம் ஒரே சரிவு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மண்ணை வெட்டிச் சமமாக்கிச் சுவர் எழுப்பலாம் என்றே சொல்கிறார்களாம். அந்த அம்மாவுக்கு மனமில்லை. அட்டையிலிருக்கும் படியைப் போட்டவர் யாரோ, அவரே வரட்டும் என்றார்.

முதலாளி ஃபோனை வைத்துவிட்டு நேராக அவள் மேசைக்கு வந்தார். "நீயே போ. ஆனா இந்தத் தடவை படி மட்டும் இல்ல. முழுப் பள்ளிக்கூடமும் உன்னோடது."

அவள் தலையாட்டினாள். அவர் அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருடத்தில் ஒரு ஜன்னல்கூட வரைந்ததில்லையே என்றாள். முதல் வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டியபோது முதலாளி வெகுநேரம் பார்த்தார். மாடியெல்லாம் ஏறி இறங்கிவிட்டேன், கழிப்பறை மட்டும் காணவில்லையே என்றார். அலுவலகமே சிரித்தது, எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அவள்தான். அன்றிலிருந்து கழிப்பறை என் பொறுப்பு.

நாலைந்து தடவை மாற்றிப் போட்டபின் ஒரு வடிவம் வந்தது. சரிவின் நடுவே அகலமான படிகள் மேலிருந்து கீழே இறங்கும், இரண்டு பக்கமும் வகுப்பறைகள், படியே முற்றம், படியே அரங்கம். அட்டையில் மாதிரி செய்து பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனோம். பிள்ளைகள் சுற்றி நின்று ஆளுக்கொரு படியைத் தங்களுடையதென்று விரலை வைத்தார்கள். சக்கர நாற்காலியில் வந்த ஒரு சிறுமி மட்டும் விரலை வைக்காமல் நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு மிஸ். எல்லாரும் இங்க உட்காருவாங்க. நான் எங்க இருப்பேன்?"

ஓரத்தில் லிஃப்ட் போட்டிருந்தோம். விதிப்படி எல்லாம் சரிதான். படிக்கட்டு லிஃப்டைக் காட்டுவாள் என்று நினைத்தேன். காட்டவில்லை.

"அதை நான் யோசிக்கல. யோசிச்சிட்டு வரேன்," என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாதிரியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே வந்தாள். அடுத்த சில வாரம் அவள் படி வரைவதை விட்டுவிட்டுச் சாய்தளம் வரைந்தாள். ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது? ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள். வகுப்பறைகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, அவற்றின் வாசல் ஓரமாகவே சாய்தளத்தை வளைத்து வளைத்து இறக்கினாள். ஒவ்வொரு அகலப்படியையும் அது தொட்டுவிட்டுப் போனது. நாற்காலியைத் திருப்பி எந்தப் படியிலும் நண்பர்களுக்கு நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். தலைமை ஆசிரியை வரைபடத்தைப் பார்த்தார், பிறகு அந்தச் சிறுமியைக் கூப்பிட்டுவிட்டார். சிறுமி சாய்தளத்தின் மேல் விரலை ஓட்டிக் கீழே வரை போய், நடுவில் ஓர் இடத்துக்குத் திரும்பி வந்து விரலை ஊன்றினாள்.

"இது என் இடம்."

கட்டுவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. வாராவாரம் புகைப்படக்காரர் வந்து வேலையைப் படம் எடுத்தார். இவரை யார் எடுக்கச் சொன்னது என்று ஒருநாள் முதலாளி கேட்டார். நான் இல்லை, படிக்கட்டும் இல்லை, தலைமை ஆசிரியையும் இல்லை. மழையில் ஒரு கையால் கேமராவுக்கும் இன்னொரு கையால் அவளுக்கும் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

பள்ளி திறக்கும் முன் அந்தப் படங்களை வைத்து ஒரு சுவரொட்டி செய்யத் தங்கையிடம் கொடுத்தார்கள். அவள் எல்லாவற்றையும் திரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இவர் பள்ளிக்கூடத்தை எடுத்தாரா, உன்னை எடுத்தாரா?"

அஸ்திவாரப் படத்தில் ஓரமாக அவள். தூண் படத்தில் தூணுக்குப் பக்கத்தில் அவள். கான்கிரீட் கொட்டும் படத்தில் தலைக்கவசத்தோடு அவள். அவள் இல்லாத ஒரே படத்தில் அவள் கைப்பை இருந்தது. ஆளில்லாமல் படம் எடுப்பதற்கே பேர்போன மனிதர் அவர். படிக்கட்டு முகம் சிவந்து, வெளிச்சம் நன்றாக இருந்த இடமாகப் பார்த்து எடுத்திருப்பார் என்று ஏதோ உளறினாள். பின்னால் நின்ற அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் படத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"பையன் வீட்டு நம்பர் யார்கிட்ட இருக்கு?" என்றார்.

பள்ளி திறந்த அன்று வர்ணம் முழுதும் காயவில்லை. பிள்ளைகள் அதற்கெல்லாம் காத்திருப்பார்களா? முதலில் இறங்கியவள் அந்தச் சிறுமிதான். சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு வளைவெல்லாம் சுற்றிக் கீழே வந்தாள், பின்னாலேயே ஒரு கூட்டம் படியை விட்டுவிட்டுச் சாய்தளத்தில் ஓடிவந்தது. முதலாளி சட்டையில் பச்சை வர்ணம் ஒட்டியது தெரியாமல் எல்லாரிடமும் கைகுலுக்கினார். படிக்கட்டு மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பசிக்கிறது என்றாள். காலையிலிருந்து பயத்தில் ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

அந்த வருடமே அவளுக்கும் புகைப்படக்காரருக்கும் கல்யாணம். இப்போது அவள், அவர், தங்கை மூன்று பேரும் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்துச் சொந்தமாக நடத்துகிறார்கள். கட்டடம் அவளுடையது, படம் அவருடையது, புத்தகம் தங்கையுடையது, சண்டை மூவருக்கும் பொது. போன வாரம் போயிருந்தேன். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு இடம் பார்க்க மூவரும் கிளம்பிப் போயிருந்தார்கள். அம்மா மட்டும் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ வீடு கட்டவேண்டும் என்று கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. எத்தனை பேர், யாருக்கு மூட்டு வலி, சமையல் செய்வது யார், துணி காயப்போட எங்கே போவீர்கள் என்று ஒன்று விடாமல் விசாரித்தார்.

"பொண்ணு புதன்கிழமை இருப்பா. அதுக்குள்ள நீங்களும் வீட்டுக்காரரும் ஒரு முடிவுக்கு வாங்க, சமையலறை கிழக்கா மேற்கான்னு," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, எனக்கு நாற்காலியைக் காட்டினார்.