பொட்டு நிற்காத கார்

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் கேட்டது நகையும் இல்லை, புடவையும் இல்லை. "அக்கா, மாப்ள அழைப்புக்கு ஒன் கார்தான் வரணும். வாடகை வண்டி வேணாம்" என்றாள். கரும்பு வெட்டப் போய் எங்களை வளர்த்த குடும்பம் எங்களுடையது. அதில் நான் டீச்சராகி, யாரோ ஓட்டித் தீர்த்த சிவப்புக் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். எங்கள் சொந்தத்திலேயே முதல் கார் அதுதான். அதில் என்னைவிடத் தங்கைக்குத்தான் பெருமை அதிகம்.

ஆனால் பெருமைப்படும் நிலையில் கார் இல்லை. என் பள்ளிக்கூடம் கல்வராயன் மலையில். தினமும் மலை ஏறி, மைதானத்து வெயிலில் நின்று, சாயந்திரம் இறங்கி, சிவப்பெல்லாம் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துவிட்டது. பெரியப்பா அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் தலையாட்டாமல் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமும் நடக்காது.

"இன்னாம்மா இது, செங்கல் சூளைல கெடந்த மாதிரி இருக்குது? மாப்ள வூட்டுக்காரங்க சிரிப்பாங்க. நான் கள்ளக்குறிச்சில வெள்ளக் காரு பேசிடறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "பேசாதீங்க பெரீப்பா. பளபளன்னு ஆக்கிக் காட்டறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். பாலிஷ் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது செருப்புக்குப் போடுவது மட்டும்தான்.

கடையில் பாலிஷ் ஒரு டப்பாவும் மெழுகு ஒரு டப்பாவும் வாங்கினேன். மீதியைக் கைப்பேசி வீடியோ சொல்லிக்கொடுக்கும் என்று தைரியம். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஆரம்பித்தேன். தடவிய பாலிஷ் தேய்ப்பதற்குள் காய்ந்து மாவாக உதிர்ந்தது. வீடியோவை மறுபடி போட்டால், நிழலில்தான் செய்ய வேண்டும் என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்கிறார்கள். யார் முதல் வரியைக் கேட்கிறார்கள்?

காரை நிழலுக்குத் தள்ளி, என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைக் கிழித்துத் தேய்த்தேன். துணியைத் திருப்பினால் ரத்தச் சிவப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயையோ, பெயின்ட்டு வந்துடுச்சிங்க!"

அவர் கார் கழுவும் ஹோஸைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், காரு வெள்ளையாயிடுச்சின்னா பெரீப்பாவுக்கு வெள்ளக் காரு தேட்ற வேல மிச்சம்" என்றார். அந்த நேரத்தில் அவரை அடித்திருப்பேன். நல்லவேளை, துடைத்த இடத்தைப் பார்த்தேன். வெளுத்துச் செத்துப்போன மேல்பூச்சுதான் துணிக்கு வந்திருந்தது. அடியில் பழுத்த மிளகாய் நிறத்தில் புதுச் சிவப்பு. அதில் என் மூக்கு தெரிந்தது. அப்படிச் சிரித்தேன், பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்தார்கள்.

அதன் பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. தோள் விட்டுப்போயிற்று, ஆனாலும் கதவு கதவாகத் தேய்த்தேன். மெழுகை மெலிதாகப் பூசச் சொன்னார்கள் வீடியோவில். நானோ தோசைக்கு நெய் விடுவதுபோல ஊற்றினேன். ஆசை அடங்காமல் கண்ணாடி, பம்பர், நம்பர் பலகை எல்லாவற்றுக்கும் பூசினேன். துடைத்து எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பெரியப்பா வந்தார். பானெட்டில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டு, "சரி, இதுவே வரட்டும்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயந்திரம், பிள்ளையார் கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். மாப்பிள்ளை மாலையோடு காத்திருந்தார். பூக்காரர் பூச்சரத்தை டேப்பால் ஒட்டினார், வழுக்கியது. கடைசியில் சரத்தை நூலால் ஜன்னலுக்கு ஜன்னல் கட்டினார். பொட்டுக்குத்தான் வழி இல்லை. பெரியப்பா சந்தனத்தைக் குழைத்து பானெட்டில் வைத்தார். அது குங்குமத்தையும் கூட்டிக்கொண்டு வழுக்கி இறங்கியது. கண்ணாடியில் வைத்தார், அங்கேயும் அதே கதை. நம்பர் பலகையும் கைவிட்டது. என் மெழுகு அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

"பொட்டு நிக்காத வண்டியில மாப்ளய ஏத்தறதா? ஆவாதும்மா" என்று பெரியப்பா கைப்பேசியை எடுத்தார். வெள்ளைக் காருக்குத்தான். மண்டபத்தில் காத்திருக்கும் தங்கையிடம் என்ன சொல்வேன்? ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அம்மா வந்து சந்தனக் கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஜன்னல் வழியாகக் குனிந்து என் நெற்றியில் அழுத்தி வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தாள். "வண்டியில நிக்கலன்னா போவுது மாமா. ஓட்றவ நெத்தியில நிக்குது பாருங்க. இது போதும், ஏறச் சொல்லுங்க" என்றாள்.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டார். மாப்பிள்ளை ஏறினார்.

பேண்டு வாத்தியம் முன்னால் போக, நடக்கிறவர்களுக்குப் பின்னால் காரை ஊர விட்டேன். தெருவின் சீரியல் விளக்கெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகச் சிவப்பின் மேல் ஓடின. மண்டப வாசலில் நிறுத்தினேன். மாடி ஜன்னலில் தங்கை. பெண் எட்டிப் பார்க்கக் கூடாது என்று யாரோ இழுக்கிறார்கள், அவள் நகரவில்லை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

மாப்பிள்ளை மேலே பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "இன்னாக்கா, உங்க தங்கச்சி என்னப் பாக்கவே இல்ல. காரையே பாத்துக்கினு இருக்குது."

"இன்னிக்கி மட்டும் விட்டுடுங்க" என்றேன். "நாளைலேர்ந்து உங்களத்தான் பாப்பா."