பூட்டப்பட்ட விவாதம்

அனோஜா அனுப்பிய கேள்விக்குக் கீழே பதில்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. சட்டமும் அரசியலும் பேசும் இலங்கைத் தமிழரின் இணையக் குழுவில் அவள் ஆறு வருடங்களாக எழுதுகிறாள். இராணுவம் பிடித்த காணிகளைப் பற்றி எழுதியபோது கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாராட்டினார்கள். 'எங்கட சட்டத்தரணி' என்றார்கள். அவள் பள்ளிக்கூட உயர்தர வகுப்போடு படிப்பை நிறுத்தி, கிளிநொச்சியில் தையல் ஆலைக்குப் போகிறவள்.

இன்று தன் வீட்டுக் காணியைப் பற்றிக் கேட்டிருந்தாள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அவளுடைய அப்பா காடு வெட்டித் திருத்திய காணி. நாற்பது வருடங்களாக அங்கேதான் இருக்கிறார்கள். காணி உறுதிப் பத்திரம் மட்டும் ஒரு யாழ்ப்பாணத்தவரின் பெயரில் இருந்தது. வெளிநாட்டிலுள்ள அவருடைய மகன் காணியை விற்றுவிட்டான். இவ்வளவு காலம் இருந்தவர்களுக்கு உரிமை இல்லையா என்பதே அவளுடைய கேள்வி.

“ஆதாரம் இருக்கோ, தங்கச்சி?” என்று ஒருவர் எழுதினார்.

“உங்களை இருக்க விட்டதே அவையின்ர பெருந்தன்மை” என்றார் இன்னொருவர்.

“இப்ப இதைக் கதைச்சால் எங்களுக்குள்ள பிளவுதான் வரும்” என்று எழுதிவிட்டு, குழுவை நடத்துபவர் இனி யாரும் பதில் எழுத முடியாதபடி விவாதத்தைப் பூட்டினார்.

“உன்ர சபை என்னவாம்?” என்று கணவன் ஜனார்த்தனன் கேட்டான்.

“பூட்டிட்டாங்கள்.”

“பூட்டுறதுக்கு அவைக்கு ஒரு கதவாவது இருக்கு.”

அடுத்த நாள் காலை, காணியை வாங்கியவரின் ஆட்கள் வேலி போடக் கொங்கிறீட் தூண்களை வாசலில் இறக்கினார்கள். மாத முடிவுக்குள் வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். அனோஜா ஏழு மணி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். தொலைபேசிச் செயலிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் பற்றிக் குழுவில் புதிய விவாதம் தொடங்கியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதற்கு ஒரு பதில் எழுதினாள்.