இஃபோ முகாமிலிருந்து ஒரு சம்பந்தம்

நுரைச்சோலையில் கல்யாணம் பேச வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால், அந்தச் செய்தி றுக்கியாவின் வீட்டுக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது. பல வேளைகளில் வாயைத் திறக்க வைப்பதே அவர்தான். சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா. அவரைவிட வயதில் மூத்த ஆண்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். றுக்கியா அதை ஒருநாளும் திருத்தியதில்லை.

மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். தொண்ணூறில், யுத்த காலத்தில், வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பா, உம்மா, தம்பியோடு படகில் கல்பிட்டிக் கரைக்கு வந்தார். அப்போது இருபது வயது. ஊரில் அவருக்கு ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேறு பக்கம் போய் ஒதுங்கி, அங்கேயே வேறு பெண் எடுத்துவிட்டார்கள். அகதி முகாமின் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் நோயாளி வாப்பாவையும் பிறகு உம்மாவையும் பார்த்ததில் றுக்கியாவின் வயது போனது.

அதே முகாமில்தான் அவருக்கு இந்தத் தொழிலும் வந்து சேர்ந்தது. ஊர்கள் கலைந்து, யார் யாருடைய பிள்ளை என்று தெரியாமல் எல்லோரும் தடுமாறிய காலம் அது. றுக்கியாவுக்குத் தெரிந்திருந்தது. "வாப்பாட பேரச் செல்லு" என்பார். பெயரைச் சொன்னால் போதும், அந்தக் குடும்பம் எந்தத் தெருவில் இருந்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியது, பெரியவாப்பா யாரோடு எதற்காகக் கோபித்துக்கொண்டார் என்பதெல்லாம் வரும். அவர் பேசிய கல்யாணங்களில் பெரும்பாலானவை நல்லபடி நிற்கின்றன. நிற்காதவற்றைப் பற்றிக் கேட்டால், "அது நான் பேசினதில்ல, அவங்களாப் பேசிக்கிட்டது" என்பார்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருஷமான பிறகும் அவரால் முடிக்க முடியாமல் இருந்த காரியம் ஒன்றுதான்: ஸஹ்றா. லத்தீப் மாஸ்டரின் மகள். ஆலங்குடாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தாள். நல்ல குணம், நல்ல படிப்பு. ஆனால் உயரம். வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் அவளுடைய காதுக்குக் கீழே நின்றார்கள். "பொண்ணு பாக்க வாறப்ப எழும்பாத, இருந்த இடத்திலயே இரி" என்று ஒருமுறை றுக்கியா யோசனை சொன்னார். ஸஹ்றா கதிரையில் இருந்தபடியே தேத்தண்ணித் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் உம்மா, "புள்ளைக்குக் கால் ஏலாதா?" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனாள். பிறகு அந்தப் பக்கமிருந்து தகவலே இல்லை.

அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு றுக்கியாவின் தம்பி மகன் நௌஃபர் கொழும்பிலிருந்து ஒரு கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் ஒரு தனியார் கல்லூரியில் கணினி படித்தார்கள். கூட்டாளியின் பெயர் அப்திரஹ்மான். சோமாலியாக்காரன். வாசலில் நன்றாகக் குனிந்துதான் உள்ளே வந்தான். றுக்கியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கதவு நிலையைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். நௌஃபருக்கு அந்தக் குரலின் அழுத்தம் விளங்கிவிட்டது.

"மாமி, அவன் படிக்க வந்தவன்."

"நான் என்ன செல்லிட்டன்? வளர்ந்த புள்ளண்டு செல்லப்படாதா?"

தெருப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். கடற்கொள்ளைக்காரரைப் பார்த்திருக்கிறாயா, சிங்கம் பார்த்திருக்கிறாயா, ஒட்டகத்தில் பள்ளிக்கூடம் போனாயா என்று நௌஃபர் மூலமாகக் கேட்டார்கள். அவன் எல்லாவற்றுக்கும் பொறுமையாக இல்லை என்றான். பிறகு, உங்கள் வீட்டு யானைகளை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டான். யானை இல்லையென்று பிள்ளைகள் சொன்னதும் அவன் முகத்தில் காட்டிய ஏமாற்றத்தைப் பார்த்து அவர்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

றுக்கியா தூரத்தில் நின்று புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். பையன் பின்னேரத்தில் சாரம் உடுத்தான். கடன் வாங்கியது அல்ல, அவனுடைய சொந்தச் சாரம். அவர்கள் நாட்டிலும் ஆண்கள் வீட்டில் அதைத்தான் உடுப்பார்களாம். தொழுகையில் நம்மைப் போல ஷாபி மத்ஹபு என்று நௌஃபரின் வாப்பா வந்து சொன்னார். பெருநாள் பகல் எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தபோது, அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய தட்டில் தன் பக்கத்தை விட்டு அடுத்தவர் பக்கம் விரல் போகாமல் சாப்பிட்டான். ஒரே ஒரு குழப்பம்தான். சாப்பாட்டுக்குப் பிறகு தின்ன வைத்திருந்த கதலிப் பழத்தை உரித்து, புரியாணியோடு ஒரு கடி, சோறு ஒரு பிடி என்று தின்னத் தொடங்கினான்.

"பாவம், தெரியாமத் தின்னுறான்" என்று றுக்கியா அடுப்படியிலிருந்து சொன்னார்.

"அவங்கட ஊர்ல வாழைப்பழம் இல்லாட்டிச் சோறே இல்லயாம்" என்று நௌஃபர் சொன்னான்.

அன்று இரவே றுக்கியா அடுப்படியில் தனியாக அப்படித் தின்று பார்த்ததாகவும், மோசமில்லை என்று தோன்றியதாகவும் பிற்பாடு தெரியவந்தது.

மறுநாள் விசாரணை தொடங்கி மூன்று நாள் நடந்தது. அதற்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டும். நௌஃபர் இருக்கிறானே என்றார்கள். "அவன்ட இங்கிலீஷ் கம்பியூட்டர் இங்கிலீஷ், குடும்பக் கதைக்குச் சரிவராது" என்று சொல்லி, லத்தீப் மாஸ்டரையும் ஸஹ்றாவையும் வரவழைத்தார். பெண்ணை வைத்தே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும் இந்த ஏற்பாடு தனக்கு மட்டும்தான் விளங்கும் என்று அவர் நம்பியிருந்தார்.

"வாப்பாட பேரக் கேளு, மகள்."

ஸஹ்றா கேட்டாள். அப்திரஹ்மான் ஒரு பெயர் சொன்னான். அதோடு நிற்கவில்லை. வாப்பாவின் வாப்பா, அவருடைய வாப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு குர்ஆன் ஓதுகிறவனைப் போல ஒரே ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தான். றுக்கியா விரல்களை மடக்கி எண்ணினார். விரல்கள் தீர்ந்தன. லத்தீப் மாஸ்டரின் விரல்களையும் எடுத்துக்கொண்டார். அவன் நிறுத்தியதும் றுக்கியா கேட்டார்:

"இதெல்லாம் யாரு படிச்சுக் குடுத்த?"

ஸஹ்றா கேட்டுச் சொன்னாள். "உம்மாவாம், ராத்தா. அவங்கட ஆக்கள் சின்ன வயசிலயே பாடமாக்கணுமாம். புதுசா ஒருத்தரச் சந்திச்சா எந்த ஊருண்டு கேக்கமாட்டாங்களாம், யார்ட வழிண்டுதான் கேப்பாங்களாம்."

றுக்கியாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. தன்னைப் போலவே ஒரு தேசம் முழுக்க இருக்கிறது என்று அவருக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை.

"எதுக்காம் கேக்குற? சொந்தத்துக்குள்ள கட்டவா?"

"இல்லயாம். அவங்கட பக்கம், சொந்தமாயிருந்தா கட்டப்படாதுண்டு பாக்குறதுக்காம்."

மச்சானுக்கு மச்சியைக் கட்டிவைத்தே பாதிப் பேர் வாங்கியவர் றுக்கியா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல, இங்க அவனுக்குச் சொந்தமில்லத்தானே" என்றார். ஸஹ்றா அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அப்திரஹ்மான் சிரித்தான். அப்போதே றுக்கியா சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு பிறந்த இடம். சோமாலியாவில் பிறந்தாலும் அவனுக்கு அது நினைவில்லை. கைக்குழந்தையாக எல்லை தாண்டி, கென்யாவில் இஃபோ என்ற அகதி முகாமில் வளர்ந்தவன். ஒட்டகத்தைவிடத் தண்ணீர் லொறியைத்தான் அதிகம் கண்டிருக்கிறான். முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் றுக்கியா கதிரையை முன்னால் இழுத்தார்.

"தண்ணிக்கு லைன் இரிந்ததா?"

இருந்ததாம். ஆளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்களாம்.

"கான மாத்தி வெச்சுச் சண்ட வருமா?"

வருமாம். அவனுடைய உம்மா அதில் பெரிய ஆளாம்.

"நானும்தான்" என்றார் றுக்கியா. இதை ஸஹ்றா ஒழுங்காக மொழிபெயர்த்தாள்.

கடைசியில் சீதனக் கதை. இங்கே பெண் வீட்டார் வீடு கொடுக்க வேண்டும், உங்கள் பக்கம் எப்படி என்று கேட்டதற்கு, மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும், வசதியானவர்கள் ஒட்டகம் கொடுப்பார்கள் என்று பதில் வந்தது. இந்தத் தகவல் அஸர் தொழுகைக்கு முன்பே தெரு முழுக்கப் பரவிவிட்டது. குமர்ப் பிள்ளைகளை வைத்திருந்த உம்மாமார் இரண்டு மூன்று பேர் ஏதோ கடன் கேட்க வந்தவர்களைப் போல அந்த வீட்டுப் பக்கம் வந்து, அப்திரஹ்மானுக்கு வட்டிலப்பம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"ஒட்டகம் இங்க எங்க கட்டுற?" என்று லத்தீப் மாஸ்டர் கேட்டார்.

"மொதல்ல வரட்டும்" என்றார் றுக்கியா.

இனிப் பையனின் உம்மாவோடு பேசுவதுதான் முறை. நௌஃபர் தன் போனில் வீடியோ அழைப்பு எடுத்துக் கொடுத்தான். திரையில் ஒரு பரந்த முகமும், தலையை மூடிய பெரிய ஆரஞ்சு முக்காடும் வந்தன. ஹலீமோ. இப்போது நைரோபியில் ஒரு சிறிய துணிக்கடை வைத்திருந்தார். அவர் சோமாலியில் சொல்ல, மகன் இங்கிலீஷில் சொல்ல, ஸஹ்றா தமிழில் சொன்னாள். வழியில் ஒவ்வொரு கைக்கும் பேச்சு கொஞ்சம் மெலிந்தோ பருத்தோ வந்தது. அதைவிட, சோமாலியில் 'ஆம்' என்பதற்கு 'ஹா' என்பார்கள். ஹலீமோ ஒவ்வொரு தடவையும் "ஹா" என்று சொல்ல, காது கேட்கவில்லையாக்கும் என்று றுக்கியா இன்னும் உரத்துக் கத்தினார். ஹலீமோவும் இந்த ஊரில் இப்படித்தான் பேசுவார்கள் போலும் என்று தானும் கத்தத் தொடங்கினார்.

"உங்கட மகனுக்கு நாங்க ஒரு புள்ள பாத்திரிக்கிறம். நல்ல வளர்த்தி" என்றார் றுக்கியா.

ஸஹ்றா அதை மொழிபெயர்க்காமல் அப்திரஹ்மானைப் பார்த்தாள். அப்திரஹ்மான் தலையைக் குனிந்துகொண்டான்.

"செல்லு மகள்!"

"ராத்தா, அவருக்கு நைரோபில பொண்ணு பேசி முடிஞ்சு. நான் இங்க வந்த அண்டைக்கே எனக்கிட்டச் செல்லிட்டார்."

"பொறகென்னத்துக்கு மூணு நாளா என்னக் கேள்வி கேக்க வுட்டீங்க?"

"நீங்க சந்தோஷமா இரிந்தீங்க, ராத்தா. அவருக்கும் வட்டிலப்பம் கெடச்சிச்சு."

றுக்கியா முக்காட்டை இழுத்துவிட்டு எழும்பப் பார்த்தார். ஆனால் ஹலீமோ அழைப்பை விடவில்லை. என் மகனைப் பற்றி இவ்வளவு கேட்ட இந்தப் பெண் யார், யாருடைய மகள் என்று கேட்டார். றுக்கியா வாப்பாவின் பெயரைச் சொன்னார். வாப்பாவின் வாப்பா. அவருடைய வாப்பா. நாலாவது பெயரோடு நின்றுவிட்டார். ஊரிலுள்ள எல்லோருடைய வேரையும் தோண்டியவருக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. ஹலீமோ திரையில் காத்திருந்தார்.

"புருஷன்?"

"இல்ல."

"மௌத்தா?"

"கட்டல்ல."

ஏன் என்று ஹலீமோ கேட்டார். கேள்வி மூன்று மொழி தாண்டி வந்து சேர்ந்தது. றுக்கியா ஸஹ்றாவைப் பார்த்தார், நௌஃபரைப் பார்த்தார். "யாரும் கேக்கல்ல" என்றார். அதை மொழிபெயர்க்க ஸஹ்றாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்தப் பக்கம் நீளமாக ஒரு பேச்சு நடந்தது. அப்திரஹ்மான் நெளிந்தான். ஹலீமோவுக்கு ஒரு தம்பி இருந்தார். ஆதன் என்று பெயர். மனைவி காலமாகி மூன்று வருஷம். கரிஸ்ஸா என்ற ஊரில் ஆட்டு வியாபாரம். நல்ல மனிதர், குறட்டை மட்டும் விடுவார். "நான் கேக்குறன் எண்டு செல்லு" என்று உம்மா சொல்கிறார் என்று அப்திரஹ்மான் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

றுக்கியா மறுபடி கதிரையில் இருந்துகொண்டார். கடைசியில் அவர், "யோசிச்சுச் செல்லுறன்" என்றார். மாப்பிள்ளை வேண்டாமென்று நினைக்கிற பெண் வீட்டார் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர் தொழிலில் கண்டது. ஆனால் அவர் உண்மையிலேயே யோசிக்கப் போனார்.

அந்தக் கிழமை முழுக்க அவர் யார் வீட்டுக்கும் கல்யாணம் பேசப் போகவில்லை. "ராத்தா ஒட்டகத்துக்குப் புல்லு பாக்கப் போறா" என்று சந்தியில் சிரித்தார்கள். அவருக்கும் கேட்டது. வழக்கமாக அப்படிப் பேசுகிறவனின் குடும்பச் சரித்திரம் சந்தியிலேயே வெளியே வந்திருக்கும். இந்த முறை சும்மா போனார்.

வியாழக்கிழமை பஸ் ஏறி எருக்கலம்பிட்டிக்குப் போனார். யுத்தம் முடிந்த பிறகு மரணம் நடந்த மையித்து வீடுகளுக்கு இரண்டொரு தடவை போனதுதான். இப்படித் தன் காரியமாகப் போனதில்லை. திரும்பிப் போய்க் குடியேறியவர்களில் முதியவரான ஹாசிமைத் தேடிப் பிடித்து, தன் வாப்பாவின் வழியைக் கேட்டார். ஹாசிம் இன்னும் மூன்று பெயர் சொன்னார். அதில் ஒருவர் முத்துக் குளிக்கப் போனவராம். இன்னொருவர் மிகவும் நெட்டையாம்.

"இப்ப என்னத்துக்கு மகள் இதெல்லாம்?"

"ஒருத்தி கேக்குறா" என்றார் றுக்கியா.

றுக்கியாவின் பழைய வீட்டு வளவில் இப்போது ஒரு தென்னையும் உடைந்த கிணற்றுக் கட்டும்தான் இருந்தன. அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவரே அழைப்பு எடுக்கச் சொன்னார். முதலில் ஏழு பெயரையும் தடங்கலில்லாமல் சொன்னார். ஹலீமோ ஒவ்வொன்றுக்கும் "ஹா, ஹா" என்றார். இந்தத் தடவை றுக்கியா கத்தவில்லை.

"ஸஹ்றா, வடிவாச் செல்லு. அவங்கட தம்பியில ஒரு குத்தமுமில்ல. கேட்டதுக்கு அல்லாஹ் அவங்களுக்கு நன்மையத் தரட்டும். ஆனா நான் ஒருக்கா ஊர விட்டுப் பேர்ந்து வந்தவ. இன்னொருக்கா ஏலாது."

ஸஹ்றா சொன்னாள், அப்திரஹ்மான் சொன்னான். ஹலீமோ முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துவிட்டு, "அபாயோ" என்றார். சகோதரி என்று அர்த்தமாம். அதற்குப் பிறகு அவர் சொன்னதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, றுக்கியாவும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஸஹ்றாவுக்குக் கல்யாணம் முடிந்தது. அவளோடு படிப்பிக்க வந்த எலுவன்குளத்துப் பையன். அவளைவிட நாலு விரல் குட்டை. இருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. றுக்கியா மட்டும் நிக்காஹ் போட்டோவில் மாப்பிள்ளையை ஒரு படி மேலே நிற்க வைத்தார்.

அப்திரஹ்மான் படிப்பு முடிந்து நைரோபிக்குப் போய்விட்டான். ஹலீமோவும் றுக்கியாவும் வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துக்கொண்டார்கள். மொழிபெயர்க்க ஆளில்லாத நாட்களில் ஒருவருக்கொருவர் சமைத்ததைக் காட்டுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, இங்கே ஸஹ்றாவும் அங்கே அப்திரஹ்மானும் பக்கத்திலிருக்கும்போதுதான், ஆதனுக்குக் கரிஸ்ஸாவிலேயே ஒரு பெண் பார்த்துக் கல்யாணம் முடிந்த செய்தி வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம்" என்றார் றுக்கியா.

அன்று பகல் அவர் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வாய்வு என்றார். மருந்தெடுக்கப் போவோமா என்று ஸஹ்றாவின் புருஷன் கேட்டான்; ஸஹ்றா அவனைக் கண்ணால் அடக்கினாள். அஸருக்குப் பிறகு றுக்கியா தானாகவே எழும்பி வந்து பாலில்லாத ஒரு பிளேன்ரீ கேட்டார், சீனி கூடுதலாக.